இடையில் உள்ள நாடு



வடக்கே வேலை நிமித்தம் குடியேறிய நாம் ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போய் வருகிறோம். 1976-ல் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், தில்லிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 2,180 கிலோமீட்டரை ஒன்றரை நாளுக்குள் கடந்துவிடுகிறது. விமானமோ மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. இதனால் நம் பிள்ளைகளுக்கு இந்தியா என்பது இரண்டே ஊர்களாகச் சுருங்கிவிட்டது: பள்ளிக்கூடம் இருக்கும் ஊர், பாட்டி இருக்கும் ஊர். இடையில் உள்ள நாடு சன்னலுக்கு வெளியே ஓடும் வெறும் நிலமாகிவிட்டது. அதை ஒருமுறையேனும் காலால் மிதித்துப் பார்க்கவேண்டும் என்று கருதி, சென்ற ஐப்பசியில் நாங்கள் நால்வரும் காரில் புறப்பட்டோம்.

வழி கேட்கவேண்டியதே இல்லை. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே நாட்டின் மிக நீண்ட நெடுஞ்சாலை. தில்லியிலிருந்து சேலம்வரை அதில் ஏறக்குறைய 2,350 கிலோமீட்டர். ஒரு வாரம் வைத்துக்கொண்டால் பகலில் மட்டும் ஓட்டிச் செல்லலாம். இரவில் விளக்கில்லாத லாரிகள் சாலையோரம் நிற்கும். அவற்றைவிடப் பெரிய சாகசம் எதையும் நாம் தேடிப் போகவேண்டியதில்லை.

முதல் தங்கல் சம்பல் நதி. தோல்பூருக்கும் மொரேனாவுக்கும் இடையே சாலை அதைக் கடக்கிறது. நம்மில் மூத்தவர்கள் அப்பகுதியில் ரயில் நுழைந்ததும் சன்னல் கதவை இறக்கிவிடச் சொல்வார்கள். மழை அரித்த மண்மேடுகளுக்குள் கொள்ளையர் ஒளிந்திருந்த காலம் அது. 1972-ல் ஜெயப்பிரகாஷ் நாராயணரின் முன்னிலையில் அவர்களில் நூற்றுக்கணக்கானோர் ஆயுதங்களை ஒப்படைத்தனர். இன்று அந்த மண்மேடுகளின் அடிவாரத்தில் படகு ஏறலாம். மனிதர் அஞ்சி ஒதுங்கிய நதியாதலால் நீர் தெளிந்து கிடக்கிறது. மணல் திட்டுகளில் கரியால் எனப்படும் நீள்மூக்கு முதலைகள் வெயில் காய்கின்றன. இந்தியில் கடா என்றால் குடம். ஆண் முதலையின் மூக்கு நுனியில் குடம் கவிழ்த்தாற்போன்ற ஒரு புடைப்பு உண்டு. பெயர் அதனால் வந்தது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்டவனுக்கு இத்தகைய சொல்லைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. நம் முன்னோர் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர் சொல்லிப் பிரித்தார்கள். நாமோ எல்லாவற்றையும் முதலை என்றே அழைத்து முடித்துவிடுகிறோம்.

குவாலியர், ஜான்சி, சாகர் நகரங்களில் இரவு தங்கல் தவிர வேறில்லை. சாகருக்குத் தெற்கே கடக ரேகையையும், பின்னர் பர்மான் என்னுமிடத்தில் நர்மதையையும் கடக்கிறோம்.

சிவனிக்கும் நாகபுரிக்கும் இடையே நெடுஞ்சாலை பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்கிறது. அகலமான சாலை வேண்டும் என்பாருக்கும் காடு வேண்டும் என்பாருக்கும் பல்லாண்டு வழக்கு நடந்தது. முடிவில் மகாராஷ்டிரப் பகுதியில் ஒன்பது இடங்களில் சாலையைத் தூண்களின்மேல் உயர்த்தினார்கள். அவற்றுள் மிக நீண்டது 750 மீட்டர். 2019-ல் அங்கே வைத்த தானியங்கிக் காமிராக்களில் 18 வகைக் காட்டு விலங்குகள் பாலங்களின் கீழே கடந்துசெல்வது பதிவாயிற்று. புலியும் அவற்றுள் ஒன்று. ஆற்றுக்காகப் பாலம் கட்டிய நாட்டில் விலங்குக்காகவும் பாலம் கட்டியிருப்பது, அரசாங்க ஊழியன் என்ற முறையில் எனக்குப் பெருமையளித்தது. கவாசாவில் திரும்பி, துரியா வாயில் வழியே காட்டுக்குள் ஜீப்பில் போகலாம். புலி தென்படாவிட்டால் வழிகாட்டியைக் குறை கூறுவது நியாயமன்று.

பிறகு தெலங்காணாவில், சாலையிலிருந்து சிறிது விலகினால் குந்தாலா அருவி. நானூறுக்கும் மேற்பட்ட படிகளை இறங்குவது எளிது, ஏறுவதே பயிற்சி. பாறை வழுக்கும், அங்கே குளிப்பவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், இணங்கவே கூடாது.

கர்நூலிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமாக விலகிச் சென்றால் பேலம் குகைகள். சுண்ணாம்புப் பாறையை நீர் கரைத்துக் குடைந்த 3,229 மீட்டர் நீளமான சுரங்கம் அது. 1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவரே 1884-ல் இதைப் பற்றியும் குறித்துவைத்தார். உள்ளே புழுக்கம் மிகுதி. 46 மீட்டர் ஆழத்தில் பாதாள கங்கை என்னும் நீரோடை பாறைக்குள் மறைந்து செல்கிறது. என் மகள் அங்கே நெடுநேரம் காது கொடுத்து நின்றாள். தில்லியில் அவள் அறியாதது இருட்டும் அமைதியும்.

பெங்களூரைத் தாண்டி, தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல். காவிரியில் வெள்ளம் கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதிக்கும்; தொலைவிலிருந்து வந்தோம் என்று மன்றாடிப் பயனில்லை. நாங்கள் சென்ற நாள் நீர் அடங்கியிருந்தது. பரிசல்காரர் எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். தில்லி என்று நான் வாயெடுக்குமுன், சம்பல், பெஞ்ச், குந்தாலா, பேலம் என்று என் மகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். எண்ணுவதற்கு எழுந்து நிற்காதே அம்மா, பரிசல் சாயும் என்று சொல்லி, அவர் துடுப்பை நீரில் ஊன்றினார்.