மணல் குடிக்கிற வால்வு

முதல்லயே சொல்லிடறேன், இன்னிக்கு எபிசோடு முழுக்க வால்வு பத்தித்தான். அதுவும் தண்ணி போற வால்வு இல்ல, சேறு போற வால்வு. ஸ்கிப் பட்டன்லேர்ந்து கையை எடுங்க.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில பர்ச்சேஸ் பார்க்கிற லிஸனர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "ப்ரோ, சுரங்கத்துக்கு சப்ளை பண்ற எக்விப்மென்ட்ல ஸ்லரி வால்வு போடணும். மூணு கொட்டேஷன் வந்திருக்கு. விலை மலைக்கும் மடுவுக்குமா இருக்கு. மூணு பேருமே நம்ம வால்வு தேயாதுங்கறாங்க. எதைப் பார்த்து எடுக்கிறது?"

தேயாத வால்வு கிடையாது. இதை மட்டும் இப்பவே சொல்லி வெச்சுடறேன். சாஃப்ட்வேர்ல பக் இல்லாத கோடுன்னு யாராவது வித்தா வாங்குவோமா? அதே மாதிரிதான் இதுவும்.

முதல்ல ஸ்லரின்னா என்னன்னு பார்த்துடலாம். தாதுக்கல்லை அரைச்சுத் தண்ணியோட கலந்து குழாய்ல தள்ளுறாங்க பாருங்க, அந்தக் கலவைதான் ஸ்லரி. சத்தீஸ்கர் பைலடிலாவுலேர்ந்து விசாகப்பட்டினம் வரைக்கும் இரும்புத்தாதுப் பொடி இப்படித்தான் 267 கி.மீ. குழாய்லயே போகுது. லாரி இல்ல, ரயில் இல்ல. ஆனா குழாயும் வால்வும் உள்ளுக்குள்ள இருபத்திநாலு மணி நேரமும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி தேஞ்சுட்டே இருக்கும்.

இதைப் புரிஞ்சுக்க சத்தீஸ்கர் வரைக்கும் போக வேணாம். உங்க தெருவுலயே ஒரு ஸ்லரி பம்ப் நிக்கும். அபார்ட்மென்ட் கட்டுற இடத்துல ரெடிமிக்ஸ் லாரி கான்க்ரீட்டைக் கொட்டுதே, அதை மாடிக்குத் தள்ளுற மெஷின். நிறைய சைட்ல அது மேல ஷ்விங் ஸ்டெட்டர்னு எழுதியிருக்கும். ஜெர்மன் பேர், ஆனா இந்தியக் கம்பெனி 1998-ல ஆரம்பிச்சது. ஃபேக்டரி நம்ம ஸ்ரீபெரும்புதூர் போற வழியில, இருங்காட்டுக்கோட்டை சிப்காட்ல. தாய் கம்பெனியை 2012-ல சீனாவோட எக்ஸ்.சி.எம்.ஜி. வாங்கிடுச்சு. அதே வருஷம் போட்டி கம்பெனியான புட்ஸ்மைஸ்டரை இன்னொரு சீனக் கம்பெனியான சானி வாங்கிச்சு. அது தனி எபிசோடுக்கான கதை.

அந்த பம்ப்புக்குள்ள ரெண்டு சிலிண்டர் இருக்கு. ஒண்ணு கான்க்ரீட்டை உறிஞ்சும்போது இன்னொண்ணு தள்ளும். எது தள்ளுதோ அதை வெளியே போற குழாயோட இணைக்க, நடுவுல ஒரு வளைஞ்ச உலோகக் குழாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்சட்னு ஆடும். அதுதான் வால்வு. ஷ்விங்ல அதுக்கு ராக் வால்வுன்னு பேர். ஜல்லி, மணல், சிமென்ட் கலந்த கூழுக்கு நடுவுலயே முங்கிக் கிடந்து, நிமிஷத்துக்குப் பல தடவை ஆடணும். ஆத்து மணல் தட்டுப்பாடு வந்த பிறகு நம்ம ஊர்ல எல்லாம் எம்-சாண்ட். ஆத்து மணல் தண்ணியில உருண்டு உருண்டு மழுங்கின மணல். எம்-சாண்ட் கல்லை உடைச்சு எடுக்கறது, சரியா அரைக்கலன்னா முனை முனையா இருக்கும். வால்வுக்கு இது கூடுதல் தலைவலி.

இந்த வால்வுல எனக்குப் பிடிச்சதே அதோட டிசைன்தான். தேய்மானத்தை அவங்க தடுக்கப் பார்க்கல, ஒரே இடத்துக்கு ஒதுக்கிட்டாங்க. மூக்குக்கண்ணாடி ஃப்ரேம் மாதிரி ரெண்டு ஓட்டை போட்ட ஒரு தட்டு, அதை உரசிட்டே ஓடுற ஒரு வளையம், இது ரெண்டுதான் முக்கியமா அடி வாங்கும். உரசுற முகத்துல மட்டும் கடினமான உலோகம். இடைவெளி கொஞ்சம் அதிகமானா நட்டை முறுக்கிச் சரி பண்ணலாம். அதுக்கும் மேல தேஞ்சா ரெண்டையும் கழட்டி மாத்திட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். விலை உயர்ந்த பம்ப் தப்பிச்சுக்கும்.

மாத்தாம ஓட்டினா? அந்த இடைவெளி வழியா சிமென்ட் பால் மட்டும் அழுத்தத்துல பீய்ச்சிக்கிட்டுப் பின்னால வந்துடும். பீய்ச்சிற ஜெட்டே உலோகத்துல வாய்க்கா வெட்டிடும். இன்னொரு பக்கம், பால் போன ஜல்லி வறண்டு குழாய்ல அடைச்சுக்கும். மாடியில நிக்கிற மேஸ்திரி குழாய்ல அடைப்புன்னு கத்துவார். உண்மையில கோளாறு கீழ, அந்த ரெண்டு மில்லிமீட்டர்ல இருக்கும்.

சரி, சுரங்கத்துக்கு வருவோம். அங்க தேய்மானத்தைத் தீர்மானிக்கிற பெரிய விஷயம் வேகம். வேகம் ரெண்டு மடங்கானா தேய்மானம் ரெண்டு மடங்காகும்னு தோணும். அப்படி இல்ல, தோராயமா நாலு மடங்குலேர்ந்து எட்டு மடங்கு வரை போகும். அதுக்காக ரொம்ப மெதுவாவும் ஓட்ட முடியாது, மணல் அடியில படிஞ்சு குழாயே அடைச்சுக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன ஜன்னல்தான் இருக்கு.

இப்ப ஒரு ஆபரேட்டர் ஃப்ளோவைக் குறைக்கணும்னு வால்வைப் பாதி மூடி வைக்கிறார்னு வெச்சுக்குங்க. நம்ம வீட்டுக் குழாய்ல பண்ற அதே பழக்கம். வழி குறுகினதும் அந்த இடத்துல மட்டும் வேகம் எகிறும். எவ்வளவு காசு போட்டு வாங்கின வால்வா இருந்தாலும் அது சீக்கிரம் செத்துடும். கம்பெனிக்காரன் மேல பழி போட முடியாது. ஸ்லரியில சாதாரண வால்வுன்னா முழுசாத் திற, இல்ல முழுசா மூடு. ஃப்ளோவைக் குறைக்கணும்னா பம்ப்போட வேகத்தைக் குறைங்க.

அடுத்தது, எதால செஞ்ச வால்வு? கடினமான உலோகம்தான் தாங்கும்னு நினைப்போம். ஆனா நுண்ணிய மணலுக்கு மெத்துனு இருக்கிற ரப்பர் இரும்பையே ஜெயிக்கும். மணல் துகள் வந்து மோதும்போது ரப்பர் அமுங்கி, துகளைத் திருப்பி எறிஞ்சுடும். இரும்பு வளையாது, அதனால கொஞ்சம் கொஞ்சமா சதையை இழக்கும். லினடெக்ஸ்னு ஒரு சிவப்பு ரப்பர், 1923-ல மலாயாவுல ஆரம்பிச்சது, இன்னும் உலகம் பூரா சுரங்கத்துல ஓடுது. மலாயா ரப்பர்னா நமக்கு வேற ஞாபகமும் வரும். நம்ம ஊர்லேர்ந்து கப்பலேறிப் போனவங்க பால் வெட்டின தோட்டங்கள் அந்த நாட்டுல எவ்வளவோ.

ரப்பருக்கும் பலவீனம் உண்டு. கூரான பெரிய கல் வந்தா கிழிஞ்சிடும். எண்ணெய் பட்டா ஊதிடும். சூடும் ஆகாது, இயற்கை ரப்பர் 70, 80 டிகிரிக்கு மேல தாங்காது. அங்க குரோமியம் கலந்த வார்ப்பிரும்போ செராமிக்கோ வேணும். செராமிக் தேய்மானத்துல கெட்டி, ஆனா பீங்கான் தட்டு மாதிரி, ஒரு பெரிய கல் அடிச்சா விரிசல்.

ரப்பர் வால்வுல எளிமையானது பின்ச் வால்வு. ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் ஏத்தும்போது ஒரு சின்னச் சக்கரம் குழாயை அமுக்குமே, அதே ஐடியாதான். உள்ள ஒரு ரப்பர் குழாய், வெளியேர்ந்து நசுக்கணும், அவ்வளவுதான். சேறு தொடறது ரப்பரை மட்டும்.

இன்னொண்ணு நைஃப் கேட். கத்தி மாதிரி ஒரு தகடு மேலேர்ந்து இறங்கி சேத்தை வெட்டி மூடும். சாதா மாடல்ல தகடு உக்காருற பள்ளத்துல மணல் இறுகிடும், அப்புறம் முழுசா மூடாது. ஸ்லரிக்குன்னே செஞ்சதுல ரெண்டு ரப்பர் வளையம் முகத்தோட முகம் அமுங்கி நிக்கும், தகடு நடுவுல புகுந்து மூடும். ஒரு விஷயம் மட்டும் கேட்டாத்தான் சொல்லுவாங்க: திறந்து மூடும்போது கொஞ்சம் சேறு அடியில கொட்டும். டிசைனே அப்படித்தான். வடிகால் போடலைன்னா ஷாப்ல எல்லார் ஷூவும் காலி.

அதனால லிஸனர் நண்பருக்கு, கொட்டேஷன்ல விலையைத் தாண்டி நாலஞ்சு கேள்வி கேளுங்க. தேஞ்சது வெளியேர்ந்து தெரியுமா, இல்ல ஒரு நாள் திடீர்னு ஒழுகினாத்தான் தெரியுமா? ஸ்லீவை லைன்லயே மாத்த முடியுமா, எத்தனை மணி நேரம்? ஸ்பேர் சென்னையில ஸ்டாக்கா, இல்ல கப்பல்ல வரணுமா? துகளோட சைஸ், எத்தனை சதவீதம் திடப்பொருள், வேகம், சூடு எல்லாம் கேட்டுட்டுத்தான் கொட்டேஷன் போட்டாரா? கேக்காமலே விலை சொன்னவரை நான் ஓரம் கட்டிடுவேன்.

கணக்குக்காக ஒண்ணு. 40,000 ரூபாய் வால்வு மூணு மாசம் தாங்கினா வருஷத்துக்கு 1,60,000. ஒரு லட்ச ரூபாய் வால்வுல வருஷத்துக்கு ஒரு ஸ்லீவ் 15,000-க்கு மாத்தினா 1,15,000. முதல் வருஷமே மலிவு. லைன் நின்ன நஷ்டத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்ல. ஆனா எல்-1 டெண்டர்ல, அதாவது யார் கம்மியோ அவங்களுக்கேங்கிற முறையில, அந்த 40,000-தான் ஜெயிக்கும்.

தேஞ்சு ஒழுகினா நஷ்டம் கம்பெனிக்குத்தானேன்னு நினைக்கலாம். எப்பவும் அப்படி இல்ல. எண்ணூரைப் பாருங்க. நிலக்கரிச் சாம்பலும் தண்ணியில கலந்தா ஸ்லரிதான், அதுலயும் சிலிக்கா நிறைய. இந்திய நிலக்கரியில சாம்பல் 30-லேர்ந்து 45 சதவீதம் வரை இருக்கும். வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் வழியா செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகுது. அந்தக் குழாய்கள் பல வருஷமா ஒழுகி, சாம்பல் கொசஸ்தலையாத்துக் கழிமுகத்துல படிஞ்சது. விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு.

அங்க பேச்சு முழுக்கக் குழாய் பத்தித்தான், வால்வு பத்தி இல்ல. ஆனா தேய்மானத்தோட விதி ஒண்ணுதான். சாம்பல்ல கனமான துகள் அடியில உருண்டு போறதால குழாயோட அடிப்பக்கம் முதல்ல மெலியும். இதுக்கு ரொம்பப் பழைய வைத்தியம் உண்டு: குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை குழாயைக் கால் சுத்து திருப்பி வைக்கணும், தடிமனை அளந்து எழுதி வைக்கணும். ராக்கெட் சயின்ஸ் இல்ல, ஒரு ஸ்பேனரும் ஒரு நோட்டும் வேணும். அதைச் செய்யாதப்போ ஆலை நிக்காது, கரன்ட் வந்துட்டே இருக்கும். ஆறு ஆழம் குறையும். அந்த முகத்துவாரத்துல தண்ணிக்குள்ள உக்கார்ந்து கையாலயே இறால் தடவிப் பிடிக்கிறவங்க இருக்காங்க. அவங்க விரலுக்குச் சேத்துக்குப் பதிலா சாம்பல் அகப்படும். பர்ச்சேஸ் ஆர்டர்ல அவங்க கையெழுத்துக்கு இடமே கிடையாது.

அடுத்த எபிசோடு அங்கேர்ந்துதான், காட்டுக்குப்பத்துலேர்ந்து படகுல. மைக்ல காத்து சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும், பொறுத்துக்குங்க. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறவங்க யார்கிட்டயாவது தேஞ்சு போன வால்வுத் தகடு இருந்தா ஃபோட்டோ அனுப்புங்க. எத்தனை மாசம் ஓடுச்சுன்னும் சேர்த்து எழுதுங்க.