பட்டுச்சேலையும் மன்னர் மானியமும்

புதுக்கோட்டைப் பெருமக்களே!

எதிரணி நண்பர் நம்ம ஊருக்கே வந்து நம்மையே மடக்கிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். “1948 மார்ச் 3-ஆம் தேதி ராஜா ராஜகோபாலத் தொண்டைமான் ரத்தம் சிந்தாமல் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தார். பதிலுக்கு மானியம் தருவதாகச் சொன்ன மக்களாட்சி, 1971-லே நிறுத்திவிட்டது. இதுதான் வாக்கைக் காப்பாற்றுகிற லட்சணமா?” என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். உண்மைதானே ஐயா!

ஆனால் அந்த வாக்கை உடைக்க என்ன பாடு பட்டார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. 1970 செப்டம்பரில் மக்களவையிலே மசோதா நிறைவேறியது. மாநிலங்களவையிலே ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு ஓட்டுக் குறைந்தது, மசோதா படுத்துவிட்டது! உடனே குடியரசுத் தலைவர் ஆணை போட்டுப் பார்த்தார்கள். டிசம்பரிலே சுப்ரீம் கோர்ட் “செல்லாது” என்றது. அப்புறம் இந்திரா காந்தி தேர்தலைச் சந்தித்து, ஜெயித்து வந்து, அரசியல் சட்டத்தையே திருத்தித்தான் முடிந்தது.

வீட்டிலேயே பாருங்களேன். மனைவியிடம் தனியாக, “தீபாவளிக்குப் பட்டுச்சேலை” என்றால், விடிந்ததும் “நான் எப்போ சொன்னேன்?” என்று கேட்டுவிடலாம். மாமியார், மச்சினன், பிள்ளைகள் முன்னாலே சொல்லிப் பாருங்கள்! சேலை வராவிட்டால் பொங்கல் வரைக்கும் விசாரணைக் கமிஷன்தான்! (சிரிப்பு) அனுபவத்திலே சொல்கிறேன்.

1799-லே கட்டபொம்மன் நம்ம திருக்களம்பூர்ப் பக்கம் பிடிபட்டார். அன்றைய தொண்டைமான் அவரைக் கும்பெனியிடம் ஒப்படைத்தார். கும்பெனிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார், மறுக்கவில்லை. ஆனால் யாரைக் கேட்டார்? திருமயத்து விவசாயியைக் கேட்டாரா? ஒரு மனிதர் நினைத்துக் காப்பாற்றிய வாக்கை, அதே மனிதர் ஒரே ராத்திரியிலே மாற்றவும் முடியும். அப்படியிருந்தால் பக்கத்து நாட்டுக்காரன் எப்படி வாளை உறையிலே போடுவான்?

எழுபது வருஷத்துக்குள்ளே மூன்று முறை மோதிக்கொண்ட நாடுகள் பிரான்சும் ஜெர்மனியும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் மக்களாட்சியாக நின்றன. அந்த எல்லையிலே பிறகு போரே இல்லை. ஒப்பந்தத்தை மீற நினைத்தால் சபையிலே பேச வேண்டும், பத்திரிகையிலே வரும், எதிரிக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும். அவசரப்பட்டுத் துப்பாக்கி தூக்க வேண்டாம் பாருங்கள்.

நடுவர் மணி அடிக்கிறார், முடித்துக்கொள்கிறேன். நம்ம ராஜாவின் அரண்மனையிலேதான் இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை போய்ப் பாருங்கள். கையிலே மனுவோடு ஒரு பாட்டி நிற்பார். “ரோடு போட்டுத் தர்றேன்னு சொன்னீங்களே, என்னாச்சு?” என்று, ராஜா நடந்த தாழ்வாரத்திலே நின்று சத்தமாகக் கேட்பார்.