வந்து போகிறவர்களும் உடனிருப்பவர்களும்

 

வெளிநாட்டுச் சபைகளிலிருந்து இரண்டு வாரம், மூன்று வாரம் என்று ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லங்களுக்கு ஊழியம் செய்ய வருகிறார்களே, அவர்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இதைப் பேச நம் காவேரிப்பட்டினம் பொருத்தமான இடம்தான். பெங்களூரு விமான நிலையத்தில் இறங்கும் குழு ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக மூன்று மணி நேரத்தில் நம் தென்பெண்ணைக் கரைக்கு வந்துவிடலாம். அதே நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில், நம் பக்கத்துத் தாய் தகப்பன்மார் கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருக்கிறார்கள். பாட்டிக்கும் முடியாமல் போனால் ஹோமில் விடுகிறார்கள். வருகிறவர்கள் அனாதை என்று நினைத்துக் கட்டியணைக்கும் பிள்ளைகளில் இவர்களும் உண்டு.

வருகிறவர்கள் நல்ல மனதோடு வருகிறார்கள். மாதக்கணக்கில் காசு சேர்த்து, வேலைக்கு லீவு போட்டு, ஜெபித்துப் புறப்படுகிறார்கள். அந்த அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது பிள்ளையிடம் போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

குழு வரும் நாளில் ஒரு ஹோம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். காலையிலேயே பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரி, ஒரே மாதிரி துணி உடுத்தி, வாசலில் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். வேன் வந்ததும் வரவேற்புப் பாட்டு. பிறகு வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளிப் பாட்டு, பலூன், பென்சில் பெட்டி, போட்டோ. நாலு வயதுப் பிள்ளை, பெயர்கூடத் தெரியாத ஒருவரின் மடியில் ஏறி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும். எவ்வளவு பாசமான பிள்ளை என்று வந்தவர்கள் கண் கலங்குவார்கள். வீட்டில் வளரும் நாலு வயதுப் பிள்ளை புது முகத்தைக் கண்டால் என்ன செய்யும்? அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளியும். ஒளிந்துகொள்ள ஒரு முந்தானை இல்லாத பிள்ளைதான் கண்டவர் மடியிலெல்லாம் ஏறுகிறது. பாசம் என்று நாம் பார்ப்பது அதன் பசி.

கடைசி நாளில், “அக்கா, மறுபடி எப்ப வருவீங்க?” என்று பிள்ளை கேட்கும். “சீக்கிரம் வருவேன்” என்று பதில் வரும். அடுத்த முறை வருவது வேறு குழு, வேறு அக்கா. விவரம் தெரிந்த பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள். ராத்திரியில் விழித்து அழுபவனைத் தட்டித் தூங்க வைப்பவர், மாதச் சம்பளம் ஒழுங்காக வந்து சேராத ஆயாதான். அவர் எந்தப் போட்டோவிலும் இல்லை.

இது என் மனக்குறை மட்டுமல்ல. குழந்தைக்கு நிலையான ஒரு துணை தேவை என்பதை ஜான் பவுல்பி 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையிலேயே வலியுறுத்தினார். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா ஆகிய மூவரும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியில் தேறினார்கள். மனிதர்களிடம் ஒட்டி வாழவும் கற்றார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள்.

வருகிறவர்கள் பெருகினால் இல்லங்களும் பெருகும். கம்போடியாவில் போர் முடிந்து வெகுகாலம் ஆன பிறகு, 2005-க்கும் 2010-க்கும் இடையில், அனாதை இல்லங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய முக்கால் பங்கு கூடியது. அங்கிருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். அனாதைகள் பெருகவில்லை, பார்க்க வருகிறவர்களும் கொடுக்க வருகிறவர்களும் பெருகினார்கள். ஹைத்தி நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2010-இல், அமெரிக்க பாப்டிஸ்ட் சபையினர் பத்துப் பேர் 33 பிள்ளைகளை எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்று கைதானார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் இருந்தார்கள். 2019-இல் ஐ.நா. பொதுச்சபையே இல்லங்களுக்குச் சுற்றுலாபோல வரும் தொண்டால் விளையும் கேட்டைத் தீர்மானத்தில் குறிப்பிட்டது.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அன்றைய சேலம் ஜில்லா பட்ட பாட்டைப் பாட்டன்மார் வழியாகக் கேட்டிருப்பீர்கள். பெற்றவர்களைச் சாவுக்குக் கொடுத்துவிட்டு நின்ற பிள்ளைகளுக்கு அன்று மிஷன் இல்லங்கள் சோறு போட்டன. அது தேவையாக இருந்தது. அதற்கு நூறாண்டுக்கு மேல் கழித்து, 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 2001-இல் தர்மபுரி மாவட்டத்துக்கும் விரிந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான் என்பதால் நாமும் அப்போது தர்மபுரியில்தான் இருந்தோம். பெண் சிசுவைக் கொல்லாமல் அரசு வைத்த தொட்டிலில் விட்டுச்செல்லச் சொன்ன திட்டம் அது. அந்தத் தொட்டிலில் குழந்தையை விட்டவள் உயிரோடு இருந்தாள். சாவு பிரிக்கவில்லை; வறுமையும் வரதட்சிணையும் பிரித்தன.

மிஷனரி என்றாலே இப்படித்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் இருந்தது பெங்களூரில். பிறகு திருநெல்வேலிச் சீமைக்குப் போய்த் தமிழ் படித்தார். கோயிலுக்கு விடப்பட்டு, அங்கிருந்து தப்பி வந்த சிறுமி ஒருத்தி 1901-இல் அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதன்பின் டோனாவூரில் பிள்ளைகள் சேரச் சேர, அவர் அவர்களுக்கு அம்மாவானார். 1931-இல் கீழே விழுந்த பிறகு பெரும்பாலும் படுக்கையில்தான் வாழ்ந்தார். 1951-இல் அங்கேயே கண்மூடினார். 55 ஆண்டுகளில் ஒரு தடவைகூடத் தம் தாய்நாடான அயர்லாந்துக்குத் திரும்பவில்லை. எல்லாராலும் அப்படி இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். முடியாதென்றால் பிள்ளையின் மனதில் அந்த இடத்தைக் கேட்கக் கூடாது என்பதே என் வாதம்.

வெளிநாட்டாரை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் ஹோமில் சாப்பாடு போடுவது நம் வழக்கம். போடுங்கள், புண்ணியம். ஆனால் சாப்பிடும் பிள்ளையின் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி குற்றம்.

யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரக் கடைசி வசனம் இந்த ஊழியத்துக்கு ஆதாரமாக எடுத்துக் காட்டப்படுகிறது. அந்த வசனம் திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் சேர்த்தே சொல்கிறது. நாமோ பிள்ளையை ஹோமில் சேர்த்துவிட்டு, விதவையைச் செங்கல் சூளையில் விட்டுவிட்டோம். இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காப்பதற்குக் குறைந்த செலவே ஆகும். பத்துப் பேர் அமெரிக்காவிலிருந்து வந்து போக விமானச் செலவே ஏறக்குறைய பத்து லட்சம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குடும்பத்தோடு வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், ஆண்டுக்கு 48,000. அந்தப் பத்து லட்சத்தில் இருபது பிள்ளைகள் ஓராண்டு தாயோடு இருக்கலாம்.

எனவே சபையாருக்கு என் வேண்டுகோள். உங்கள் வெளிநாட்டு நண்பர்கள் வர விரும்பினால், ஆயாக்களின் சம்பளத்தை மூன்றாண்டுக்கு ஏற்கும்படி கடிதம் எழுதுங்கள். வந்தால் கணக்கு எழுதட்டும், கட்டடம் பழுது பார்க்கட்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும். பிள்ளைகளைத் தூக்க வேண்டாம். நம் இளைஞர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. 2025 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைக்கும் 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் உண்டு. இறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு என்று காகிதம் சேர்க்கத் தெரியாமல் இதைக் கேட்காமலே இருக்கும் தாய்மார் நம் தெருக்களிலேயே இருப்பார்கள். அவர்களோடு கிராம நிர்வாக அலுவலரிடமும், கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் போய், பணம் கணக்கில் ஏறும்வரை கூட நில்லுங்கள். அடுத்த மாதமும் போய், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று விசாரியுங்கள்.