‘பிக் அப்’ என்றால் என்ன?



இன்றைக்கு ‘பிக் அப்’ என்ற சின்னச் சொல்லைப் பார்ப்பம். கீழே விழுந்த பேனையை எடுப்பது பிக் அப். ரெலிபோனை எடுப்பதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வருவதும், ஆங்கிலத்தைக் கேட்டுக் கேட்டே பழகுவதும் பிக் அப் தான். பொலிஸோ ஆமியோ ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனாலும் அதே சொல்தான்!

பிரச்சினை இங்கேதான். ஒரு தம்பி, தனக்கு ஆங்கிலம் தெரியும், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று அகதி இன்ரவியூவுக்குப் போனார். “ஆமி உங்களைப் பிக் அப் பண்ணினதா?” என்று கேட்டார்கள். வாகனத்தில் ஏற்றினதா என்று கேட்கினம் என நினைத்து “இல்லை” என்றிட்டார். அவரை நடத்தித்தான் கொண்டுபோனவை. ஆனால் அவரின் வாக்குமூலத்தில் ‘கைது’ என்று இருந்தது. ஒன்றுக்கொன்று முரணாகப் போய்விட்டது. பிறகு சொலிசிற்றர் விளக்கம் எழுதி அனுப்ப வேண்டி வந்தது.

ஆகவே, இங்கே பிரித்தானியாவில் ஹோம் ஒபிஸ் இன்ரவியூ என்றால்:

ஆங்கிலம் ஓரளவு தெரிந்தாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. அதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை.

கேள்வி விளங்காவிட்டால் ‘ஓம்’, ‘இல்லை’ சொல்லாதேங்கோ. திரும்பக் கேட்கச் சொல்லுங்கோ.

இன்ரவியூப் பதிவின் பிரதியை வாங்கி, பிழை இருந்தால் தாமதிக்காமல் சொலிசிற்றரிடம் காட்டுங்கோ.

வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான்: விளங்காவிட்டால் கையை உயர்த்து. உங்களுக்கும் அதையே சொல்லுறன். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.