ஒரே குழாயில் பல பட்டறைகள்

போன எபிசோடுல ஒரு சர்வர் விழுந்தா மொத்த ஆப்பும் ஏன் படுத்துக்குதுன்னு பேசினோம். இன்னைக்கு அதே கேள்வியை எங்க ஊர் திருப்பூருக்கு எடுத்துட்டுப் போறேன். பல கம்பெனிகள் சேர்ந்து ஒரு பொது அமைப்பை உருவாக்கினா, அதுல யார் யாரை நம்பி இருக்காங்க?

பனியன் துணிக்கு நிறம் ஏத்துற சாயப்பட்டறைக்குத் தண்ணீரும் உப்பும் நிறைய வேணும். அந்தக் கழிவுநீரைச் சுத்தம் பண்ற நிலையத்தை ஒரு சின்னப் பட்டறை தனியா கட்ட முடியாது. அதனால பக்கத்துப் பக்கத்துப் பட்டறைக்காரங்க பங்கு போட்டுக் கம்பெனி ஆரம்பிச்சு, பொது சுத்திகரிப்பு நிலையம் கட்டினாங்க. பட்டறையிலிருந்து நிலையத்துக்குக் குழாய் போகும். அனுப்புற தண்ணீரோட அளவுக்குக் கட்டணம்.

ஆனா அந்த நிலையங்களால உப்பைப் பிரிக்க முடியலை. நொய்யல்ல கலந்த உப்பு ஒரத்துப்பாளையம் அணையில தேங்கி, விவசாயிகளோட நிலத்தையும் கிணத்தையும் கெடுத்துச்சு. அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போகக்கூடாதுன்னு உத்தரவு வந்தது. அது நடக்காததால, 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் நிலையங்களையும் பட்டறைகளையும் மூடச் சொன்னது. கரண்ட்டையும் துண்டிச்சாங்க. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்னுபோச்சு.

அப்போ நான் ஸ்கூல் படிச்சுட்டிருந்தேன். என் பெஞ்சுல உட்கார்ந்த நண்பனோட அப்பாவும் பட்டறைக்காரர்தான். "ராத்திரியில ஒரு குடம்கூட நான் வாய்க்கால்ல திறந்துவிட்டதில்ல கண்ணு. எனக்கும் சேர்த்துத்தான் பூட்டு"ன்னார். ரொம்ப நாள் அதை அநியாயம்னே நினைச்சேன். இப்போ அப்படிச் சொல்ல முடியலை. அவர் அனுப்பின உப்பும் அந்த நிலையம் வழியாத்தான் ஆத்துக்குப் போச்சு. குழாய்க்குள்ள போனதும், அது யாரோட தண்ணீர்னு ஆத்துக்குத் தெரியாது.

அப்புறம் அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் சரியா வேலை செஞ்ச நிலையங்கள் படிப்படியா திறந்துச்சு. இப்போ தண்ணீரில் பெரும்பகுதி திரும்பப் பட்டறைக்கே வருது, உப்புக் கரைசலையும் மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்துறாங்க.

பட்டறை நிலையத்தை நம்பி இருக்கிறது சுலபமா புரியும். நிலையமும் அதே அளவுக்குப் பட்டறையை நம்பி இருக்கு. கடன் தவணை, சம்பளம், கரண்ட்டோட அடிப்படைச் செலவு இதெல்லாம் தண்ணீர் வந்தாலும் வராட்டியும் இருக்கும். ஆர்டர் குறைஞ்சு தண்ணீர் பாதியானா, ஒரு லிட்டருக்கான செலவு ஏறிடும்.

பட்டறையை இப்போ என் நண்பன்தான் பார்த்துக்கிறான். பொங்கலுக்குப் போனப்போ சொன்னான்: "பெரிய உறுப்பினர் ஒருத்தர் சொந்தமா நிலையம் போட்டுட்டுக் கிளம்பப் பார்க்கிறாருடா. அவர் போனா எங்க பில்லு ஏறும். பில்லு ஏறினா இன்னொருத்தர் போவார்."

எனக்குப் பயம் அதுக்கு அடுத்த கட்டம்தான். போக வசதி இல்லாதவங்கதான் மிச்சம் இருப்பாங்க. பில்லு கட்ட முடியாம அதுல ஒருத்தர் ராத்திரியில மதகைத் திறந்தாலும், மறுபடி எல்லாருக்கும் பூட்டு. போனவரோட சொந்த நிலையமும் அதே ஆத்தங்கரையிலதானே இருக்கு?

அதனால ரெண்டு விஷயம் சொன்னேன். நிலையான செலவைப் பங்கு அளவுக்குப் பிரிங்க, ஓடுற செலவை மட்டும் மீட்டர் படி வாங்குங்க. கிளம்புறவர் தன் பங்குக் கடனை அடைச்சுட்டுத்தான் போகணும்னு விதி எழுதுங்க. அவன் சிரிச்சுட்டே, "அந்த விதிக்கு ஓட்டுப் போட வேண்டியதும் அவர்தான்டா"ன்னான்.

அவனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு இன்னும் யோசிச்சுட்டிருக்கேன். சாயப்பட்டறையோ, பால் சங்கமோ, இப்படி ஒரு கூட்டமைப்புல நீங்க இருந்தா, பெரிய உறுப்பினரை எப்படிப் பிடிச்சு வெச்சீங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன்.