எம்பிஏ சீட் கிடைச்சிருச்சு, பணத்துக்கு என்ன பண்றது?

(மாணவரணி சார்பில் நடந்த உயர்கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாக இங்கே பகிர்கிறோம்.)



மேடையில நின்னா அரசியல் பேசுறதுதான் எங்க வழக்கம். இன்னைக்குப் பேசப்போறது பணத்தைப் பத்தி. உங்க அப்பா கையெழுத்துப் போடப்போற பணத்தைப் பத்தி.

ஒரு தங்கச்சி கதையைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். பேர் வேண்டாம். அப்பா விசைத்தறியில கூலிக்கு ஓட்டுறவர், அம்மா வீட்டுல நூல் சுத்துறாங்க. இந்தப் பொண்ணு பி.காம் முடிச்சு, டான்செட் எழுதி, கவுன்சிலிங்ல ஒரு தனியார் கல்லூரியில எம்பிஏ சீட் வாங்கிடுச்சு. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து ரெண்டு வருஷத்துக்கு 6 லட்சம். அப்பா பேங்குக்குப் போனார். "இந்த ஏரியா எங்க பிராஞ்சுல வராது, வேற பிராஞ்சைப் பாருங்க"ன்னு சொன்னாங்க. அங்க போனா, "மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க." கல்லூரியில பணம் கட்டக் கடைசி நாள் நெருங்குது. அப்போ ஊர்ல ஒரு கன்சல்டன்ட், "எதுக்கு அலையறீங்க, மூணு நாள்ல நான் வாங்கித் தர்றேன்"னார். சொன்ன மாதிரியே ஒரு நிதி நிறுவனத்துல வாங்கியும் கொடுத்துட்டார். வட்டி 13 சதவீதம். அப்பா அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னார்.

முதல் மாசமே வட்டி கட்டச் சொல்லி மெசேஜ் வந்துச்சு. முதல் வருஷம் 3 லட்சத்துக்கு மாசம் 3,250 ரூபாய். ரெண்டாவது வருஷம் 6 லட்சத்துக்கு மாசம் 6,500. பொண்ணு படிச்சிட்டு இருக்கு, அப்பா தறி ஓட்டி வட்டி கட்டிட்டு இருக்கார். படிப்பு முடியப்போற நேரத்துலதான் எங்ககிட்ட வந்தாங்க. பேப்பரை எல்லாம் வாங்கிப் பார்த்தேன். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்கு ரொம்பக் கீழே. கல்லூரிக்கு நாக் அங்கீகாரம் இருக்கு. இதே கடனை வங்கியில மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின் கீழே வாங்கியிருந்தா, படிக்கிற ரெண்டு வருஷம், அதுக்கு மேல ஒரு வருஷம், மொத்தம் மூணு வருஷ வட்டியையும் மத்திய அரசே கட்டியிருக்கும். ஒரு ரூபாய்கூட அப்பா கட்ட வேண்டியிருந்திருக்காது.

அந்தப் பெரியவர் கேட்டார்: "இதை ஏன் தம்பி யாருமே சொல்லல?" எனக்குப் பதில் வரல. அதனாலதான் இந்தக் கூட்டம்.

அந்தத் திட்டம் 2009-லேயே வந்தது. கல்விக்கடன் வட்டி மானியம். வங்கியில கடன் கேட்குற அன்னைக்கே இதைப் பத்தியும் கேட்கணும். தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றிதழ் வேணும். 4.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புக்குத்தான் உண்டு, எம்பிஏ அதுல வரும். கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ, உங்க படிப்புக்கு என்பிஏ அங்கீகாரமோ இருக்கணும். ஐஐஎம் மாதிரி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம்னா அந்தக் கேள்வியே இல்லை. நிதி நிறுவனத்துல வாங்குற கடனுக்கு இந்த மானியம் கிடையாது. இந்த ஒரு வரியை மட்டும் மறக்காதீங்க.

இன்னொரு விஷயம், இதை வங்கியில சொல்லவே மாட்டாங்க. இந்த மானியம் வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான். பி.இ படிக்கும்போது வாங்கியிருந்தீங்கன்னா எம்பிஏவுக்குக் கிடைக்காது. படிப்பைப் பாதியில விட்டாலும் கிடைக்காது. அதனால இப்போ பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைங்க இருக்குற வீட்டுல, "பின்னாடி எம்பிஏ படிப்பானா"ன்னு இப்பவே யோசிங்க. இளநிலைக்குக் கடன் சின்னதா இருந்து, கையில இருக்கிறதை வெச்சுச் சமாளிக்க முடியும்னா, இதைப் பெரிய கடனுக்கு மிச்சம் வெக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

கணக்கு பார்ப்போம். 6 லட்சம், 10 சதவீத வட்டின்னு வெச்சுக்கங்க. மானியம் இல்லைன்னா, மூணு வருஷம் கழிச்சுத் தவணை ஆரம்பிக்கும்போது தனிவட்டி ஒன்றரை லட்சம் சேர்ந்து கடன் 7.5 லட்சமா நிக்கும். பத்து வருஷத் தவணை மாசம் சுமார் 9,900 ரூபாய். மானியம் கிடைச்சா அதே தவணை சுமார் 7,900. மாசம் 2,000 ரூபாய் வித்தியாசம், பத்து வருஷத்துக்கு. முதல் வேலையில 25 ஆயிரம் சம்பளத்துக்குச் சென்னையில ரூம் எடுத்துத் தங்குற பிள்ளைக்கு அந்த 2,000 என்னன்னு தெரியும்.

"தவணையை 15 வருஷமா நீட்டிக்கங்க, சுமை குறையும்"னு சொல்லுவாங்க. குறையும்தான். அந்த 7.5 லட்சத்துக்கு மாசம் சுமார் 8,060 வரும். ஆனா மொத்தமா கட்டுறது பத்து வருஷத்துல சுமார் 11.9 லட்சம், பதினஞ்சு வருஷத்துல 14.5 லட்சம். நீட்டுறது தப்புன்னு சொல்லல. என்ன விலைக்கு நீட்டுறோம்னு தெரிஞ்சு நீட்டுங்க.

அடமானம் விஷயத்துக்கு வர்றேன். வீட்டுப் பத்திரம் எடுத்துட்டு வான்னு சொன்னதும் நம்ம அம்மாக்களுக்கு வயிறு கலங்கிடும். 7.5 லட்சம் வரைக்கும் கல்விக்கடனுக்கு மத்திய அரசோட கடன் உத்தரவாத நிதித் திட்டம் இருக்கு. அதுல வர்ற கடனுக்குச் சொத்து அடமானமும் கேட்கக்கூடாது, மூணாவது மனுஷன் ஜாமீனும் கேட்கக்கூடாது. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரரா கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். ஆனா அந்தக் கையெழுத்து சாதாரணமானது இல்ல. நீங்க தவணை விட்டா உங்க சிபில் மட்டும் கெடாது, அவரோடதும் கெடும். அப்பாவோட பழைய வண்டிக் கடன் ஏதாவது நிலுவையில இருந்தா, விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கங்க. கடன் தகவல் நிறுவனங்கள் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரணும்.

2024 நவம்பர்ல பிஎம் வித்யாலட்சுமின்னு ஒரு புதுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. தேர்ந்தெடுத்த தரமான நிறுவனங்கள்ல சேர்ந்தா அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன். முதல்ல 860 நிறுவனம்னு அறிவிச்சாங்க, பட்டியல் வருஷா வருஷம் புதுப்பிக்கப்படும். குடும்ப வருமானம் 8 லட்சம் வரைக்கும் இருந்தா, 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கிற காலத்துல 3 சதவீத வட்டிச் சலுகை. ஆனா வருஷத்துக்கு 1 லட்சம் பேருக்குத்தான். இவ்வளவு பெரிய நாட்டுக்கு 1 லட்சம் பேர்! அதை நாங்க மேடைக்கு மேடை கேட்டுக்கிட்டுதான் இருப்போம். நீங்க அதுக்காகக் காத்திருக்காம முதல்ல விண்ணப்பிச்சிடுங்க.

வங்கியில "எங்க ஏரியா இல்ல"ன்னு சொன்னா? அந்தக் காரணத்தைச் சொல்லிக் கல்விக்கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2012-லேயே சுற்றறிக்கை விட்டாச்சு. விண்ணப்பத்தை வாய்மொழியா கொடுக்காதீங்க, ஆன்லைன்ல போடுங்க, எண் வாங்குங்க. நிராகரிச்சா காரணத்தை எழுத்துல கேளுங்க. கிளை மேலாளர் தனியா நிராகரிக்க முடியாது, அவருக்கு மேல இருக்கிற அதிகாரியோட ஒப்புதல் வேணும்னு மாதிரித் திட்டத்துலயே இருக்கு. வங்கிக்கு எழுத்துல புகார் கொடுத்து 30 நாள்ல பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளர் இருக்கார், செலவில்லாமல் புகார் கொடுக்கலாம். சண்டை போடாதீங்க. பேப்பர்ல கேளுங்க. பேப்பருக்குப் பதில் சொல்லியே ஆகணும்.

கடனுக்கு முன்னாடி உதவித்தொகை. வரிசையை மாத்திடாதீங்க.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைங்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை எம்பிஏவுக்கும் உண்டு. வருமான வரம்பு 2.5 லட்சம். கவுன்சிலிங் வழியா அரசு ஒதுக்கீட்டுல சேரணும். மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேர்ந்தா கிடையாது. இங்கதான் ஏமாத்துறாங்க. "கவுன்சிலிங் எதுக்கு, நேரா சீட் தர்றோம், ஸ்காலர்ஷிப் நாங்களே பார்த்துக்கிறோம்"னு ஏஜென்ட் சொல்லுவான். சேர்ந்த பிறகு ஸ்காலர்ஷிப் வராது, ஃபீஸ் மட்டும் வரும். அதே மாதிரி, முதல் பட்டதாரி சலுகை எம்பிஏவுக்கும் வரும்னு நினைச்சுட்டு நிறைய பேர் இருக்காங்க. அது இளநிலைத் தொழிற்படிப்புக்கு மட்டும்.

அந்த 2.5 லட்சம் வரம்பைப் பத்திச் சொல்லாம போக மனசு வரல. மாசம் 21 ஆயிரம் வந்தாலே தாண்டிடும். அப்பா தூய்மைப் பணியாளர், அம்மா பனியன் கம்பெனியில தையல், ரெண்டு பேர் சம்பளமும் சேர்ந்தா அந்தப் பிள்ளை பட்டியல்ல இல்ல. அது வசதியான குடும்பமா? வரம்பை உயர்த்தணும், அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல.

ஐஐஎம் கனவு இருக்கிறவங்க கவனிங்க. பழைய பெரிய ஐஐஎம்கள்ல ரெண்டு வருஷக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும். அதைக் கேட்டதும் கேட் தேர்வே எழுதாம விட்டவங்களை எனக்குத் தெரியும். எழுதுங்க. சீட் கிடைச்சா பணம் பெரும்பாலும் கிடைச்சிடும். பல ஐஐஎம்கள்ல குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்துல ஒரு பகுதியைக் குறைக்கிற சொந்த நிதி இருக்கு. எஸ்சி மாணவர்களுக்கு மத்திய சமூகநீதி அமைச்சகத்தோட உயர்தரக் கல்வித் திட்டம் இருக்கு, வருமான வரம்பு 8 லட்சம். பெரிய பொதுத்துறை வங்கிகள் இந்த நிறுவனங்களுக்குன்னே அடமானம் இல்லாத தனிக் கடன் வெச்சிருக்காங்க. நம்ம திருச்சியிலேயே 2011-ல இருந்து ஒரு ஐஐஎம் இருக்கு. 20 லட்சம் கட்டணம்னு பயந்து, பேர் தெரியாத கல்லூரிக்கு 8 லட்சம் கடன் வாங்குறதுதான் உண்மையில ஆபத்து.

ஏன்னா கடனைத் திருப்பிக் கட்டப்போறது கல்லூரி விளம்பரத்துல இருக்கிற "உச்ச சம்பளம்" இல்ல. அது ஒரே ஒரு பையன் வாங்குனது. என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற ஒவ்வொரு கல்லூரியும் எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேருக்கு வேலை கிடைச்சது, இடைநிலைச் சம்பளம் எவ்வளவுன்னு எழுதிக் கொடுக்கணும். அந்த அறிக்கை இணையத்துல இருக்கு. அரசு மூலமா எத்தனை பேருக்கு முழுக் கட்டணம் திரும்பக் கிடைச்சது, கல்லூரி சொந்த நிதியில எத்தனை பேருக்குக் கொடுத்துச்சுன்னும் அதுலயே இருக்கும். "நாங்க நிறைய ஸ்காலர்ஷிப் தர்றோம்"னு சொல்ற கல்லூரியோட பக்கத்துல சைபர்னு இருந்தா, அந்தக் கல்லூரி வாசலை மிதிக்காதீங்க.

கடைசியா, வேலைக்குப் போன பிறகு வருமான வரியில கல்விக்கடன் வட்டியை எட்டு வருஷம் வரைக்கும் கழிச்சுக்கலாம், பழைய வரி முறையில இருந்தால் மட்டும். அம்மா நகையை அடகு வெச்சுக் கட்டுன பணத்துக்கு அது கிடையாது.

உட்கார்ந்து விண்ணப்பம் போடணும்னு நினைக்கிறவங்க வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில நம்ம அலுவலகத்துக்கு வாங்க. கட்சி அட்டை எல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க. சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல், ஆதார், பான், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எடுத்துட்டு வாங்க. வருமானச் சான்றிதழ் இன்னும் வாங்கலைன்னா நாளைக்கே இ-சேவை மையத்துல போட்டுடுங்க, நாள் ஆகும். அந்த விசைத்தறி அண்ணனும் அன்னைக்கு வர்றார். பொண்ணோட கடனைக் குறைஞ்ச வட்டியில ஒரு வங்கிக்கு மாத்த முடியுமான்னு பார்த்துட்டு இருக்கோம்.