படுக்கையும் ஊழியமே
(பங்காளர் கூடுகையில் நமது மருத்துவமனையின் வீட்டுப் பராமரிப்புக் குழுவினர் அளித்த செய்தி)



நான்கு பேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரனை நாம் அறிவோம். அந்த நால்வரின் விசுவாசத்தைக் குறித்து எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அவன் கிடந்த படுக்கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்று அதைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறோம்.

மண்ணாடிப்பட்டு கொம்யூனில் திருக்கனூர், சோரப்பட்டு, காட்டேரிக்குப்பம் பக்கம் வீடு வீடாகப் போகும்போது, பக்கவாதத்தில் விழுந்தவர்களையும் முதுகெலும்பு முறிந்தவர்களையும் காண்கிறோம். கோரைப்பாயிலோ, நடுவே தொய்ந்த கயிற்றுக் கட்டிலிலோ, கட்டிதட்டிய இலவம்பஞ்சு மெத்தையிலோ படுத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பியிருப்பார்கள். சில வாரங்களில் இடுப்பின் அடிப்பக்கம் ஒரு சிவப்புத் திட்டு தெரியும். அதுதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம்.

எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் நசுங்கும் சதைக்கு இரத்தம் ஓடாது. நாமோ தூக்கத்திலும் தானாகப் புரண்டுவிடுகிறோம். உணர்வற்ற உடல் புரளாது. மேலே காசளவு புண். உள்ளே கை நுழையும் குழி இருக்கும். எலும்புவரை இறங்கி, கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிரே போய்விடும்.

1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் குட்மன், முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களை இரவும் பகலும் 2 மணிக்கு ஒருமுறை புரட்ட வைத்தார். அதுவரை அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. நம் வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அங்கே 1966-ல் மறுவாழ்வு நிலையம் எழும்பியது அவருடைய உழைப்பால்தான்.

ஆனால் 2 மணிக்கு ஒருமுறை என்பது ஆஸ்பத்திரிக் கணக்கு. விடிந்ததும் நடவுக்கும் கரும்பு வெட்டவும் போகிற மருமகள் இரவில் நான்கு முறை எப்படி எழுந்திருப்பாள்? அவளைக் குறைசொல்லிவிட்டு வருவது சுலபம். நாங்கள் அதைச் செய்வதில்லை.

இங்கேதான் நல்ல ஃபோம் மெத்தை உதவுகிறது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கா, கனடாவின் முதியோர் இல்லங்களில், புண் வரும் ஆபத்துள்ள 942 பேரை அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுக்கவைத்து, 2, 3, 4 மணிக்கு ஒருமுறை புரட்டிப் பார்த்தார்கள். புண் வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. முதுகெலும்பு முறிந்தவருக்கோ, ஏற்கெனவே புண் வந்தவருக்கோ இதை அப்படியே சொல்லிவிட முடியாது. ஆனாலும் எத்தனையோ மருமகள்களுக்கு இது இரவில் இரண்டு மணி நேரத் தூக்கம் அல்லவா!

கடையில் கிடைக்கிற எந்தப் பஞ்சும் போதாது. நோயாளி படுத்த பின் இடுப்புக்கு நேரே மெத்தையின் அடியில் கையை நுழைத்துப் பார்க்கிறோம். எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை பயனில்லை. ஓர் அங்குலமாவது அமுங்காமல் இருக்கவேண்டும். இறுக்கமான ரெக்சின் உறை போட்டால் ஃபோம் உடம்புக்கு ஏற்றபடி குழிந்து கொடுக்காது, வியர்வையும் ஊறும். காற்றடைத்த ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம்; அது சுற்றியுள்ள சதையை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். குதிகாலுக்கு மெத்தையும் போதாது. கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் நிற்கும்படி செய்கிறோம். இதையெல்லாம் வீட்டாருக்குக் கற்றுத்தராமல் மெத்தையை மட்டும் இறக்கிவிட்டு வருவதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒருவர் இறந்தால் அவர் படுத்த பாயையும் மெத்தையையும் வெளியே எறிந்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். துக்க வீட்டில் போய் மெத்தையைத் திருப்பிக் கேட்க எங்களுக்கு மனம் வராது. ஆகையால் ஒரு நோயாளிக்கு ஒரு மெத்தை என்றே உங்களிடம் கேட்கிறோம். பழைய மெத்தைகளை அன்போடு அனுப்புகிறீர்கள். தொய்ந்த ஃபோம் பாயைவிட மேலல்ல என்பதால் அவற்றை அனுப்பவேண்டாம்.

சோரப்பட்டுப் பக்கம் ஒரு தாயார், கட்டடத்திலிருந்து விழுந்த மகனைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய முதுகு வலிக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.